ஆதிரை மீனும் அநுமான அளவையும்



கண்ணுக்குச் சிறு புள்ளியாய்த் தோன்றிக் கைக்கு எட்டாது நிற்கும் பொருளின் இயல்பை உள்ளவாறு அறிதல் கூடுமோ? விண்மீன்கள் எப்பொருளான் ஆயினவென மக்கள் ஒருகாலத்தும் அறியார் என 1835-ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டுத் தத்துவ நூலார் ஆகுஸ்த் கோம்த் துணிந்து கூறினர். முப்பதாண்டு கழியுமுன் அத்துணிபு பொய்த்தது.

ஒளியை முப்பட்டைக் கண்ணாடியூடே செலுத்தின் அது நிறமாலையாய் விரியும். உப்பிலுள்ள சோடியத்தைத் தீயிலிடின் அம்மாலையில் மஞ்சட் கோடு தோன்றும். அதன் ஆவியூடே அதனினும் வெம்மைமிக்க ஒளி புகுந்து வரின், அவ்விடத்தே கருங்கோடு தோன்றும். இதனை 1859-இல் ஜெர்மானிய நாட்டு ஹைடல்பர்க் நகரிலே கிர்க்கோப் என்பார் நிறுவினர். அட்டிற்சாலையிற் புகையும் நெருப்பும் உடனிருத்தல் கண்டவன் மலையிற் புகை கண்டு நெருப்புண்டெனத் துணிவான். ஹைடல்பர்க்கின் தீயே அட்டில், விண்மீனே மலை.

அம்மலைமேல் இவ்வேதுவைச் செலுத்தினாருள் தலையாயவர் இலண்டனிற் பட்டு வாணிகம் விடுத்து, டல்ஸ் ஹில் என்னுமிடத்துத் தம் மனையிலே தொலைநோக்கி நிறுவி, ஊதியங் கருதாது வான் நோக்கிய வில்லியம் ஹக்கின்ஸ். வேதிநூற் பேராசிரியர் மில்லர் அவர்க்குத் துணைநின்றனர். 1864-இல் அவ்விருவரும் விரிவாய் ஆராய்ந்த மீன்களுள் ஒன்று, நாம் திருவாதிரை என வழங்கும் செம்மீன். அதன்கண் சோடியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு உளவெனக் கண்டனர். இற்றை நாளிலும் விருப்பினால் வான் நோக்குவார் பலர், சிறு தொலைநோக்கியிற் கீற்றணி பொருத்தி அதன் நிறமாலையைப் பதிகின்றனர். டைட்டானியம் ஆக்சைடின் அகன்ற கரும்பட்டைகள் அதிற் புலனாகும்.

அற்றேல், ஆதிரையான் எனப் போற்றப்படும் பெருமானுக்குரிய நாண்மீன் இரும்பும் உப்பின் கூறும் உடையதாயின் அதன் சிறப்புக் குன்றாதோ எனின், குன்றாது. என்னை? மீன் சடம், மாயையின் காரியம். அம்மீனே இறைவனென நம் நூல்கள் யாண்டும் கூறிற்றில. ஈண்டுள்ள பொருளே ஆண்டும் உளதென்பது, உலகிற்கு முதற்காரணம் மாயை என்பார்க்கு வியப்புமன்று. ஆயினும் இதுபற்றி, 'நிறமாலையை எம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என மேடையேறி முழங்குவாரோடு யாம் உடன்படேம். இல்லாததனை ஆகமத்தில் ஏற்றுதல் ஆகமத்திற்கே இழுக்கு.

இனி, ஏதுவும் வழுவுதல் உண்டு. 1868-இல் ஞாயிற்றின் ஒளியில் அறியாததொரு மஞ்சட் கோடு கண்டு ஹீலியம் எனப் பெயரிட்டனர். 1895-இல் இராம்சே அதனை மண்ணிலேயே கண்டெடுத்தனர். ஹக்கின்ஸ் 1864-இல் விண்முகிலொன்றிற் கண்ட பச்சைக் கோட்டிற்கும் அவ்வாறே நெபுலியம் எனப் புதுப்பொருள் கற்பித்தனர். அஃதோ மிகச் செறிவு குன்றிய நிலையிலுள்ள ஆக்சிஜனே என 1927-இல் போவன் காட்டினர். இரண்டிடத்தும் கோடு மெய். உடனிகழ்ச்சி முன்னர்க் கண்டறியாமையின், ஓரிடத்தே ஊகம் பலித்தது, ஓரிடத்தே பிழைத்தது.

உலகு காரியமாகலின் கருத்தா உண்டு என நாம் பரபக்கத்தாரொடு வழக்கிடுங்கால் இதனை நினைதல் வேண்டும். குடத்திற்குக் குயவன் என்னும் ஏது, கருத்தா உண்டு என்னுமளவே கொண்டு நிறுத்தும். அவன் அருளியல்பு அக்கோட்டிற்கு அப்பாலது. பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அளக்கலாகாது, பதிஞானத்தான் உணரற்பாலது. குயவனைக் காட்டி முடித்த அளவிலே சித்தாந்தம் முடிந்ததென எழுந்துபோம் நம் மாணாக்கர்க்கு இதனை எடுத்துரைத்தல் மடங்களின் கடன்.