விற்கும் வீட்டுக்கு வெள்ளை

விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது குற்றமா? குற்றமெனக் கூற நாம் கல்நெஞ்சரல்லர். பத்தாண்டு படிந்த அடுப்புப் புகையைத் துடைக்கட்டும். கதவுக்கு வண்ணம் பூசட்டும். கழன்ற தாழ்ப்பாளை மாட்டட்டும். வருபவர் முகம் சுளிக்காதிருக்க வாயிலைப் பெருக்குவது வஞ்சகமன்று, பண்பு. ஆனால், நண்பர்களே, தூரிகை ஒன்று. அது செய்யும் தொழிலோ இரண்டு. அழுக்கைப் போக்குவது ஒன்று. உண்மையைப் போக்குவது மற்றொன்று.

ஓதமேறிய சுவரை எண்ணிப் பாருங்கள். காரை உதிர்கிறது, உப்புப் பூக்கிறது. மொட்டைமாடித் தளத்தின் வெடிப்போ, குளியலறைக் குழாயின் கசிவோ காரணமாயிருக்கும். வீட்டுக்காரர் அதனை அறிவார். ஐப்பசிதோறும் பாத்திரம் வைத்து நீர் பிடித்தவரல்லவா அவர்! கசிவை அடைக்கக் கொத்தனாரை அழைக்கிறாரா? இல்லை. சித்திரை வெயிலில் சுவர் காயும்வரை காத்திருந்து, சுரண்டி, பட்டி பார்த்து, பளபளக்க வண்ணம் பூசி, வைகாசியில் விலை பேசுகிறார். வாஸ்துவின் பெயரால் வாயிற்படியை இடித்து மாற்ற ஆயிரங்களை அள்ளி வீசுவோர், கசியும் குழாய்க்குக் காசு தரத் தயங்குவதும் நாம் காணும் காட்சிதான்!

வாங்க வருபவர் யார்? சேமநிதியைத் துடைத்தெடுத்து, துணைவியின் கழுத்து நகையை விற்று, இருபதாண்டு உழைப்பை வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரும் எளிய எழுத்தர். அடைமழை வந்ததும் சுவர் உண்மையைச் சொல்லும். அதற்குள் பத்திரம் பதிவாகி மாதங்கள் பல ஆகியிருக்கும்.

ஓதம் உடலை வாட்டும். கூரைக் காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருந்தால்? துரு பருக்கும், பருத்துப் பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும், பாளமாய் ஒருநாள் பெயர்ந்து விழும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மறைப்பவர், அதன்கீழ் யார் பெற்ற குழந்தை உறங்கப்போகிறது என்று ஒரு கணமேனும் எண்ணினாரா?

கண்ணிருப்பவன் பார்த்து வாங்கட்டுமே என்பர் தரகர். புதிய வாதமன்று இது. ரோம நாட்டுச் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கென எழுதிய கடமை பற்றிய நூலில் இவ்வழக்கையே எடுத்து ஆராய்ந்தார். நோய் தரும் வீடு, மரம் இற்றுப்போனது, உடையவன் ஒருவனே அதை அறிவான். சொல்லாமல் விற்கலாமா? கூடாது என்கிறார் ஆண்டிபாட்டர். வாங்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்பியவன் வாங்கினான் என்பது டயோஜெனிசின் வாதம். பின்னவர் ஆசிரியர், முன்னவர் அவருடைய மாணவர். நாம் ஆசிரியத் தொழிலில் இருப்போர்; எனினும் மாணவன் பக்கமே நிற்கிறோம். சிசரோவும் விற்பவன் மறைத்திருக்கக் கூடாதென்றே முடித்தார்.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் மோசடி என்கிறது. கவனித்தால் தெரியும் குறைக்கோ அந்தப் பொறுப்பில்லை. இங்கேதான் வண்ணவாளியின் வேலையை உற்று நோக்கவேண்டும். நேற்றுவரை விரிசல் எவர் கண்ணுக்கும் தெரிந்தது. வீட்டுக்காரர் வாய் திறக்காவிடினும் சுவர் பேசிற்று. இன்று சுவரின் வாயை அவரே பூசி அடைத்துவிட்டார். அப்படியானால், சுவர் சொன்னதை இனி அவரல்லவா சொல்லவேண்டும்? பூசியதனாலேயே பேசும் கடமை பிறந்துவிட்டது என்பது நம் கருத்து.

சொன்னால் விலை குறையுமே! குறையும், மறுக்கவில்லை. பழுதைத் தாமே நீக்கிவிட்டு முழு விலை கேட்கட்டும், தடுப்பார் யார்? கையில் பணமில்லையேல், மேற்கு மூலையில் ஒழுகும் என்று விரல் நீட்டிக் காட்டி, கொத்தனார் கூலியையும் சிமெண்டு விலையையும் கழித்துக் கொடுக்கட்டும். வாங்க விழைவோரை ஒருமுறை மழை நாளில் வரச்சொல்லி, மாடியறை விளக்கையும் ஏற்றி வைக்கட்டும்.