பிறந்தநாளும் கடல்வழியும்

பிறந்தநாட் கொண்டாட்டத்தில் ஒரு முரண் பொதிந்துள்ளது. கொண்டாடப்படுபவர் அந்நாளில் எதனையும் சாதித்தவர் அல்லர். பரீட்சையிற் சித்தியெய்தியவரையும் நூலொன்றை எழுதி முடித்தவரையும் பாராட்டுவதற்குக் காரணம் உண்டு. பிறத்தலோ ஒருவரின் முயற்சியால் நிகழ்வதன்று. அன்று வருந்தி உழைத்தவள் தாய். அன்றியும், கழிந்த ஆண்டு ஆயுளிற் கூடிய ஆண்டன்று, குறைந்த ஆண்டு. நாளினை உயிரை அறுக்கும் வாளாக வள்ளுவர் கண்டதும் இக்கருத்துப் பற்றியே. மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞரான ஒரிஜன், வேதாகமத்திற் பிறந்தநாட் கொண்டாடியோர் பார்வோனும் ஏரோதுமே எனச் சுட்டிக்காட்டி அவ்வழக்கத்தைக் கண்டித்தார். புனிதர்களின் திருநாள்களிற் பெரும்பாலானவை அவர்கள் இறந்த நாள்களாக அமைந்திருத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும் மக்கள் கொண்டாடுகின்றனர். யாழ்ப்பாணத்து வீடுகளிற் சென்மநட்சத்திரத்தன்று கோயிலில் அருச்சனை செய்வித்தல் பழைய வழக்கு. ஆங்கிலத் தேதியிற் கேக் வெட்டுதல் பின்னர் வந்து சேர்ந்தது. இன்று பல வீடுகளில் இரண்டும் நிகழ்கின்றன. இவை யாவற்றினும் கருத்தைக் கவர்வது அறுபதாம் ஆண்டு நிறைவாகிய மணிவிழாவே. வியாழன் வான்வெளியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனி சுற்ற ஏறத்தாழ 30 ஆண்டுகளும் செல்லும். ஆதலின் 60 ஆண்டுகளில் இவ்விரு கோள்களும் ஒருவர் பிறந்தபோது நின்ற இடங்களை மீண்டும் அணுகுகின்றன. பிறந்த ஆண்டின் பெயரும் திரும்பி வருகின்றது. அந்நாளில் அவர் தனித்து அமர்வதில்லை. மனைவியோடு மணவறையில் அமர்ந்து மறுபடியும் தாலி கட்டுகிறார். ஒருவரின் பிறந்தநாள் இருவரின் மணநாளாக மாறிவிடுகின்றது. (மனைவிக்கு அறுபது நிறையும் நாள் யாருக்கும் தெரியாமற் கழிந்துவிடுவது இவ்வழக்கின் பெருங்குறை.)

இவ்வழக்கில் ஆழ்ந்த உண்மையொன்று அடங்கியுள்ளது. பிறந்தநாள் பிறந்தவருக்கு உரிய சாதனை நாளன்று. அவர் இருப்பதனால் மகிழ்பவருக்கு உரிய நாள். தான் பிறந்தமைக்காகத் தன்னையே மெச்சிக்கொள்பவர் நகைப்புக்கு இடமாவார். ஆனால், ‘நீ பிறந்திராவிடின் என் வாழ்வு இவ்வாறு அமைந்திராது’ என்று மற்றொருவர் கூறுவாராயின், அதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. பெற்றோர் பிள்ளையின் பிறப்பை நேரிற் கண்டவர்கள். வாழ்க்கைத்துணையோ அதனைக் காணாமலே அதன் பயனைப் பெற்றவர்.

அவ்வாறாயின் அம்மகிழ்ச்சியை எவ்வாறு தெரிவிப்பது? பொருளொன்றை வாங்கிக் கொடுத்தல் எளிது. ஆயினும் பிறந்தநாள் எண்ணுவது காலத்தை. காலத்துக்கு ஈடாகக் காலத்தையே கொடுத்தல் பொருத்தமுடையது. வீட்டில் வேலையே கணவனையும் மனைவியையும் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவரை மறைத்துவிடுகின்றது. ஒருநாட் பயணமாயினும் அத்திரையை நீக்கவல்லது.

யாழ்ப்பாணத்துத் தீவகம் இத்தகைய சிறு பயணங்களுக்கு இயற்கை வகுத்த இடம் எனலாம். பண்ணைப் பாலத்தில் ஏறினால் இருமருங்கும் ஆழமற்ற கடல். மோட்டார் சைக்கிளிற் பின்னிருப்பவர் சொல்வதிற் பாதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். வேலணையில் ஒரு கிளை ஊர்காவற்றுறைக்குப் பிரிகின்றது. அங்கிருந்து, கடல் நடுவே நிற்கும் கோட்டையைப் பார்த்தவாறே, ‘பாதை’ என மக்கள் வழங்கும் மிதவையிற் காரைநகருக்குக் கடக்கலாம். மற்றக் கிளை புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. நயினாதீவு அங்கிருந்து கூப்பிடு தூரம்போலத் தோன்றும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். ஒல்லாந்தர் தம் ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டுச் சென்றனர். ‘டெல்வ்ற்’ மட்டுமே இன்றும் பரவலாக வழங்குகின்றது. முருகைக்கல் வேலிகளும், பெருக்கமரமும், கட்டாக்காலிக் குதிரைகளும் காணும் பயணி, தாம் கடந்த நாற்பது அல்லது ஐம்பது ஆண்டுகளை வேறோர் அளவுகோலால் அளக்கத் தலைப்படுவார்.

இங்கு மறுப்பொன்று எழுகின்றது. இருவர் தமக்குள் மகிழ்ந்து திரும்புதல் தன்னலமன்றோ? பற்றுக்குள் பற்றன்றோ? நயினாதீவே மணிபல்லவம் என்று கொள்வோர் உளர். அத்தீவிலேதான் மணிமேகலை புத்தபீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்கிறாள். முற்பிறப்பில் இராகுலன் மனைவியாக இருந்தமையும், அவ்விராகுலனே இப்பிறப்பில் உதயகுமரனாகத் தன்னைத் தொடர்வதும் அவளுக்குத் தெளிவாகின்றன. கணவன் மனைவி உறவு அங்கே அறுக்கவேண்டிய தளையாகவே காட்டப்படுகின்றது. அத்தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுவது எந்நாளில்? வைகாசி முழுமதியன்று, புத்தர் பிறந்த நாளில். துறவுக் காப்பியமும் ஒரு பிறந்தநாளைப் போற்றத்தான் செய்கின்றது. ஆனால் பிறந்தநாட் பரிசாக அது காட்டுவது பிறர் பசி தீர்க்கும் பாத்திரம்.

இத்துடன் வாதம் முடிந்ததாகத் துறவு நெறியினர் எண்ணலாம், முடியவில்லை. அப்பாத்திரத்தில் முதலிற் பிச்சையிட்டவள் துறவியல்லள். கடல்மேற் சென்ற கணவன் மாண்டான் எனக் கேட்டுத் தீப்புகத் துணிந்து, பின் அவன் உயிரோடு மீளப்பெற்ற ஆதிரை அவள். சாதுவன் கரைசேர்ந்த மகிழ்ச்சியை அறிந்த கையே உலகின் பசிக்கு முதலில் உணவிடும் தகுதி பெற்றது. இருவரின் மகிழ்ச்சி இருவரோடு முடிந்தேயாக வேண்டும் என்பது, ஆகவே, பொருந்தாது. நயினை நாகபூசணி அம்மன் கோயிலில் அருச்சனை முடித்து அன்னதான மண்டபத்தில் அறியாதவரோடு ஒரே வரிசையில் உண்ணும் தம்பதியர் இதனை வாதமின்றியே அறிவர்.

இதனினும் கடினமான வினா ஒன்று இக்கடலுக்கே உரியது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாள் நினைவுகூரப்படுகின்றது. வைகாசி மாதம் தொடங்கும் நாள்களிலேயே அது வருகின்றது. மே 15இற் பிறந்த நெடுந்தீவார் ஒருவர் தம் பிறந்தநாளை என்செய்வது? அவருடைய துணைவர் அவரை அழைத்துக்கொண்டு அதே கடலில் உல்லாசமாகச் செல்லலாமா?

கூடாது என்று சொல்வது எளிது. அது நேர்மையான உணர்ச்சியும்கூட. ஆயினும் கொல்லப்பட்டோருக்காக இன்றும் அழுவோர் எதனை அழுகின்றனர்? ஒவ்வொருவரும் பிறந்தமையால் ஒரு வீடு மகிழ்ந்திருந்தது. அம்மகிழ்ச்சியே துயராக மாறி எஞ்சியுள்ளது. பிறந்தநாளில் ஒருவரைப் பார்த்து ‘நீ இருப்பது நன்று’ என்பதும், நினைவுநாளில் ‘நீ இல்லாதது கொடிது’ என்பதும் ஒரே மதிப்பீட்டிலிருந்து பிறக்கும் கூற்றுக்கள். முன்னையதைத் தடைசெய்தாற் பின்னையதன் வேரும் அறுந்துவிடும். தடைசெய்யவேண்டியது அறியாமையை. ஒலிபெருக்கிப் பாட்டோடு அக்கடலைக் கடக்கும் கூட்டத்தினர் குற்றவாளிகள் அல்லர். தாம் எங்கே செல்கின்றனர் என அறியாதவர்கள்.

மே 15இற் பிறந்தவரும் அவர் துணையும் அன்று காலையிற் படகேறுவதாயின், நினைவு நிகழ்வுக்கு மலரோடு செல்வோரின் அருகிலேயே அவர்களுக்கு இடம் கிடைக்கும். மடியிற் சோற்றுப் பொதி இருக்கும். ‘எங்கே, நெடுந்தீவுக்கோ?’ என்று பக்கத்திலிருக்கும் முதியவள் வினவுவாள். அவ்வினாவுக்கு அவர்கள் இருவரும் என்ன விடை கூறுவார்கள் என்பதைப் பொறுத்தே அப்பயணம் எத்தகையது என்பது அமையும்.