விலை கொடுத்த விருந்து

'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். நம் வாயிலுக்குப் புதிதாய் வந்து நிற்பவரையும் அச்சொல்லே குறித்தது. அவருக்கு இட்ட உணவு அப்பெயரைப் பெற்றது பின்னரே. ஆகவே, விருந்தில் முதலில் வருபவர் மனிதர். சோறு அவரைத் தொடர்ந்து வருகிறது. இந்த வரிசை மாறிப்போனால் என்ன ஆகும்? விலை கொடுத்து வாங்கிய விருந்தில் விருந்தோம்பல் உண்டா? பணம் செலுத்தி இரசீது பெற்றவர் விருந்தினர் ஆவாரா, வாடிக்கையாளராகவே இருந்துவிடுவாரா?

இக்கேள்வியை வைத்துச் சிந்திப்பதற்கு உல்லாசக் கப்பல் ஏற்ற இடம். அங்கே உணவும் ஆடல் பாடலும் உறக்கமும் கரையில் இருக்கும்போதே விலை பேசி முடிக்கப்படுகின்றன. செல்வந்தருக்கே உரியதென நாம் எண்ணியிருந்த அப்பயணம் இன்று நமக்கும் எட்டாததாய் இல்லை. 2022 ஜூன் மாதம் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 2023 ஜூன் மாதம் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்று வந்தது. திருமண வெள்ளி விழாக் காணும் தம்பதியரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும், பிள்ளைகளின் விடுமுறைக்காகப் பணம் சேர்த்துவைக்கும் குடும்பத்தாரும் முதல் கப்பல் பயணத்தைப் பற்றிப் பேசுகின்ற காலம் இது.

இவ்வகைப் பயணம் தொடங்கிய வரலாறே சிந்தனைக்குரியது. அட்லாண்டிக் பெருங்கடலில் குளிர்காலத்தில் பயணிகள் குறைந்தனர். கப்பல்கள் வேலையற்றுக் கிடந்தன. ஹாம்பர்க்–அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின் இதற்கு ஒரு வழி கண்டார். 1891 ஜனவரி 22 அன்று 'ஆகஸ்டா விக்டோரியா' என்னும் கப்பல் 241 பயணிகளோடு ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. மற்றப் பருவங்களில் அதே கப்பல் தன் கீழ்த்தளங்களில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குச் செல்லும் ஏழைகளைச் சுமந்தது. கடல் தாண்டினால் பசி தீரும் என்று சிலர் ஏறிய கப்பலில், பசியை மறந்து இன்புறச் சிலர் ஏறினர். ஒரே கப்பலுக்குள் மேல்தளம் கீழ்த்தளம் என இரு உலகங்கள் இருப்பது அன்றே இருந்த வழக்கம்.

உல்லாசக் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடுகிறது. பகலில் துறைமுகத்தில் நிற்கிறது. பகற்பொழுதில் கரையிறங்கி ஊர் பார்க்கலாம். மாலையில் கயிறுகளை அவிழ்த்துக் கப்பல் நகர்ந்தபின், எவரும் எங்கும் போக இயலாது. எனவே, அந்த மாலையை நிரப்புவது கப்பலின் பெருங்கலை ஆயிற்று. பெரிய உணவுக் கூடத்தில் இரண்டு பந்திகள். ஒரு பந்தியினர் உண்ணும் வேளையில் மற்றவர் அரங்கில் ஆடல் பாடல் காண்பர். பின்னர் இடம் மாறுவர். இன்னிசைக் கூடம் ஒருபுறம், நடனக் கூடம் ஒருபுறம், திறந்த மேல்தளத்தில் திரைப்படம் ஒருபுறம். கரையின் சட்ட எல்லையைக் கடந்தபின் சூதாட்டக் கூடமும் கதவு திறக்கும். 2024 ஜனவரியில் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் ஏறத்தாழ 7,600 பயணிகள் வரை செல்லலாம்; உண்பதற்கும் பருகுவதற்கும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. பணியாளர் 2,350 பேர்.

இத்தனைக்கும் நடுவே முதன்முறையாக நிற்பவரின் உள்ளத்தில் எழுவது மகிழ்ச்சி மட்டுமன்று. ஒரு கணக்கும் எழுகிறது. 'இவ்வளவு கொடுத்திருக்கிறோம்; எதையும் விட்டுவிடக் கூடாது' என்பதே அக்கணக்கு. பஃபே உணவு வரிசையில் தட்டு நிறைகிறது. பாதி உண்ட தட்டு மேசையில் கிடக்க, அடுத்த நிகழ்ச்சிக்குக் கால்கள் விரைகின்றன. பாடலின் நடுவே கடிகாரத்தைப் பார்க்கிறோம். ஓய்வுக்கென்று வந்த மாலை, முடித்தாக வேண்டிய வேலைகளின் பட்டியலாகிவிடுகிறது. தட்டில் மிஞ்சியது என்ன ஆகிறது என்று பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. கடல் மாசினைத் தடுக்கும் பன்னாட்டு விதிகளின்படி, பொதுவான கடற்பகுதிகளில் உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் துளை வழியே செல்லுமளவு அரைத்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் கொட்டலாம். விவசாயி விதைத்து, ஒருவர் சமைத்து, ஒருவர் சுமந்து வந்த உணவு, நம் கணக்குத் தீர்ந்ததும் சென்று சேரும் இடங்களுள் கடலும் ஒன்று.

'மகிழ்ச்சியையே குறை சொல்கிறீர்களா?' என்று வாசகர் கேட்கக்கூடும். இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் நான்கு நாள் இளைப்பாறுவது நேர்மையான ஆசை. மனைவியும் சமைக்காமல், மகளும் பாத்திரம் துலக்காமல், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் மாலை நம் வீடுகளில் எத்தனை முறை வாய்க்கிறது? மேலும், அக்கப்பலின் ஊதியத்தால் கோவாவிலும் கேரளத்திலும் தமிழகத்திலும் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பயணத்தைப் புறக்கணிப்பதால் அறம் வளர்ந்துவிடாது. பயணம் செய்வோர் அங்கே எவ்வாறு அமர்கிறார்கள் என்பதில்தான் நம் கேள்வி தங்கியிருக்கிறது.

கப்பலில் உணவருந்த வழிகள் பல. பழைய முறையில் ஒவ்வொரு மாலையும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுபவர். நம்மோடு அமர்வோர் அறிமுகமற்றவராகவும் இருக்கலாம். 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய நிறுவனம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அதையொத்த முறைகளை ஏற்றன. தனிக் கட்டணம் செலுத்தினால் தனி உணவகங்களும் உண்டு. சுதந்திரம் நல்லதே. குழந்தையோடு செல்பவருக்கும் நோயுற்றவருக்கும் அது பேருதவி. ஆயினும் பழைய மேசைக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே நாம் தேர்ந்தெடுக்காத மனிதரோடு அமர்கிறோம். அவர் மெல்ல உண்டால் நாம் காத்திருக்கிறோம். அவர் கதையைக் கேட்கிறோம். நம் கதையைச் சொல்கிறோம். 'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் அங்கே மீண்டும் உயிர் பெறுகிறது. புதியவர் ஒருவர் நம் முன் அமர்ந்திருக்கிறார்.

அம்மேசையருகே நிற்கும் மற்றொருவரையும் நாம் நினைக்க வேண்டும். முதல் நாள் நமக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னோம். இரண்டாம் நாள் சொல்லாமலே அதற்கேற்ற இனிப்பைக் கொண்டுவருகிறார். பாட்டிக்குக் காரம் ஆகாது என்பதை நினைவில் வைத்திருக்கிறார். 'அது அவருடைய தொழில்; சிரிப்பதற்கும் சேர்த்துத்தானே ஊதியம்' என்பர் சிலர். இருக்கலாம். அச்சிரிப்பு உள்ளத்திலிருந்து வருகிறதா, பயிற்சியால் வருகிறதா என்று அளக்க நம்மிடம் கருவி இல்லை. அளக்கும் உரிமையும் இல்லை. நம் கடமை அவருடைய உள்ளத்தைச் சோதித்தபின் தொடங்குவது அன்று. 1785ஆம் ஆண்டு வெளியிட்ட அறநெறி நூலில் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், விலை உடையவற்றையும் மாண்பு உடையவற்றையும் வேறுபடுத்திக் காட்டினார். விலை உள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்பு உள்ளவருக்கு ஈடு கிடையாது. பரிமாறும் பணிக்கு விலை உண்டு. அதைப் பயணச்சீட்டில் செலுத்திவிட்டோம். பரிமாறும் மனிதருக்கு விலை இல்லை. ஆகவே, அவருக்குரியது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இவ்வுண்மையை உலகம் 2020 பிப்ரவரியில் கண்கூடாகக் கண்டது. 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாத் தொற்றினால் ஜப்பானின் யோகொஹாமாவில் நிறுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். பயணிகள் தத்தம் அறைகளில் அடைக்கப்பட்டனர். அரங்குகள் அடங்கின, உணவுக் கூடங்கள் வெறுமையாயின. ஆனால் பசி அடங்கவில்லை. பணியாளர்கள் ஒவ்வொரு வேளையும் கதவு கதவாக உணவு கொண்டு சென்றனர். அவர்களுக்குத் தனி அறை இல்லை, நெருக்கமான அறைகளைப் பகிர்ந்து உறங்கினர், ஒன்றாகவே உண்டனர். நம் நாட்டைச் சேர்ந்த 138 பேர் அக்கப்பலில் இருந்தனர். அவர்களுள் 132 பேர் பணியாளர். மொத்தத்தில் 712 பேருக்குத் தொற்று கண்டது. பயணச்சீட்டின் எந்த வரியில் இந்த உழைப்புக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது? ஆடல் பாடல்கள் ஓய்ந்தபின் எஞ்சிய விருந்தோம்பல் எதுவோ, அதுவே முன்பும் அக்கப்பலைத் தாங்கி வந்தது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது. அல்லது, பணிநேரம் நாளொன்றுக்கு 14 மணியையும் வாரத்துக்கு 72 மணியையும் தாண்டலாகாது என்கிறது. இந்தியா 2015ஆம் ஆண்டு இதை ஏற்றது. எல்லை வகுக்கும் சட்டமே இவ்வளவு நீண்ட நாளை அனுமதிக்கிறது எனில், நம் மேசைக்கு வரும் அந்தப் புன்னகை எத்தனை மணி நேர உழைப்பின் முடிவில் வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1920ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் பெயரால் விளங்கும் நம் திருச்சபையின் கடற்பணி அமைப்பு இம்மக்களைத் துறைமுகங்களில் சந்திக்கிறது. சில கப்பல்களில் குருக்களும் உடன் செல்கின்றனர். அங்கே பணியாளர்களுக்கான திருப்பலி, கடைசித் தட்டும் கழுவப்பட்டபின் இரவு வெகுநேரம் கழித்து நிறைவேறுவதுண்டு. பயணிகளின் மாலை முடிந்தபின் தொடங்கும் மாலை அது.

அவ்வாறெனில் முதற்பயணம் செல்வோர்க்கு நாம் சொல்லக்கூடியது என்ன? ஒரு மாலைக்கு ஒரு விருந்தும் ஒரு நிகழ்ச்சியும் போதும். மற்றவை நடக்கட்டும், நாம் இல்லாமலே அவை நன்றாக நடக்கும். உண்ணக்கூடியதை மட்டும் தட்டில் இடுவோம். பிள்ளைகளும் நம்மைப் பார்த்துக் கற்பர். வாய்ப்பிருந்தால் ஓர் இரவேனும் அறிமுகமற்றவரோடு அமர்வோம். பரிமாறுபவரின் பெயர் அவர் சட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை வாசித்து அப்பெயரால் அழைப்போம். அவருடைய ஊரைக் கேட்போம். ஆனால் வேலை நேரத்தில் நீண்ட பேச்சில் நிறுத்திவைக்க வேண்டாம். கடைசி இரவில் அன்பளிப்பைக் கணக்குப் பார்க்காமல் கொடுப்போம். நன்றியை அவர் முகம் பார்த்துச் சொல்வோம்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. கப்பலிலிருந்து இறங்கியபின், நம் ஊர்த் திருமண மண்டபத்தில் பந்தி விசாரிப்பவரிடமும், உணவகத்தில் மேசை துடைக்கும் சிறுவயதுப் பையனிடமும், நம் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்ண அமரும் தாயிடமும் அதே பார்வையோடு நாம் திரும்புவோமாயின், அந்த நான்கு நாள் செலவு வீண்போகவில்லை.