கணக்குக் கேட்கும் உரிமை

அரசு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "கக்கூசுக்கு வந்த பணம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் அதற்கு இடம் தந்திருக்கிறது. குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரும் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதையும் மானியம் செலவாவதையும் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை, சம்பளமும் கிடையாது. சட்டம் சொல்லிவிட்டது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவரை, அந்தத் தொழில் அறியாதவர் கேள்வி கேட்பதற்கு அறத்தின் பக்கத்திலிருந்து என்ன நியாயம் இருக்கிறது?

பழைய நியாயம் ஒன்று அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலில் உண்டு. வீட்டின் நிறைகுறை கொத்தனாரைவிடக் குடியிருப்பவருக்குத் தெரியும்; விருந்தின் ருசி சமையல்காரரைவிடச் சாப்பிடுபவருக்குத் தெரியும். ஆகவே வல்லுநர் அல்லாதவரும் தீர்ப்புச் சொல்லலாம் என்கிறார் அவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பது பிள்ளை, பெற்றோர் அல்ல. பெற்றோர் விரும்புவதும் பிள்ளைக்கு வேண்டியதும் பல சமயம் ஒன்றாக இருக்கலாம். எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இங்கிலாந்தில் 1970களில் இந்தக் கேள்வி பெரிய சச்சரவாகவே வெடித்தது. லண்டன் இஸ்லிங்டனில் உள்ள வில்லியம் டிண்டேல் பள்ளியில், பிள்ளைகள் தம் விருப்பப்படி கற்கட்டும் என்று ஆசிரியர்கள் விட்டார்கள். எழுதப் படிக்க வரவில்லை என்று பெற்றோர் பலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். சம்பளமில்லாமல் பணியாற்றிய பள்ளி மேலாளர்கள் தலையிட்டபோது, கற்பித்தல் எங்கள் துறை என்று ஆசிரியர்கள் கதவை அடைத்தார்கள். மேலாளர்களில் சிலர் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். விசாரணை நடத்திய வழக்கறிஞர் ராபின் ஆல்டின் அறிக்கை 1976இல் வந்தது. இரு தரப்பும் பேசியது பிள்ளைகளின் பெயரால்தான். ஆகவே 'பிள்ளைக்காக' என்று சொல்லிக்கொள்வது மட்டும் யாருக்கும் உரிமையைத் தந்துவிடாது.

இதற்கு எனக்குப் பொருத்தமாகப் படும் விடை பள்ளியிலிருந்து வரவில்லை, கோயில் வழக்கொன்றிலிருந்து வருகிறது. இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் சொத்துரிமை உடைய ஒரு 'நபர்'. ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மைனரைப் போன்ற நபர். கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில், பூசை செய்யும் முறை தனக்கு வரும்போது ஒருவர் குலதெய்வத்தின் திருமேனியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று பங்காளிகளுக்குள் வழக்கு மூண்டது. 1925இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், தெய்வத்துக்கென்று தனி விருப்பம் உண்டு, அதை வழக்கில் எடுத்துச் சொல்ல, தனக்கென்று லாபநட்டம் எதுவும் இல்லாத ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. பங்காளிகள் பக்தியில் குறைந்தவர்கள் என்பதல்ல காரணம். ஒவ்வொருவருக்கும் அதில் சொந்தக் கணக்கு இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக் குழுவுக்கும் இதுவே அடிப்படை என்பேன். அந்தத் தாய் கேள்வி கேட்பது தன் மகனின் தாயாக அல்ல, பள்ளியிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அறங்காவலராக. அப்படிப் பார்த்தால் குழுவில் முதலில் பேசப்பட வேண்டியவர், கூட்டத்துக்கு வரவே முடியாத பெற்றோரின் பிள்ளை. செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தோடு பாதி வருஷம் காணாமல் போகும் பிள்ளை. சட்டம் இந்தப் பொறுப்பைத் தனி உறுப்பினருக்குத் தராமல் குழுவுக்கே தந்திருப்பதன் பொருத்தமும் இங்கேதான் புரிகிறது. ஒருவரின் சொந்தக் கணக்கை மற்றவரின் கணக்கு தடுக்கும்.

சம்பளம் வாங்காததே தூய்மைக்குச் சான்று என்பாரும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். மாதக் கூட்டத்துக்கு வந்தால் ஒருநாள் கூலி போகிறவருக்கும், ஓய்வு நேரம் உள்ளவருக்கும் இந்த இலவசச் சேவை ஒரே விலையில் கிடைப்பதில்லை. விட்டுவிட்டால் குழு இரண்டாமவர் கைக்குத்தான் போகும். ஆசிரியர் தரப்பின் மறுப்பு இதைவிடக் கனமானது: எப்படிக் கற்பிப்பது என்பதை வெளியாள் சொல்லக் கூடாது என்கிறார்கள். சரிதான். கோயில் அறங்காவலர் பூசை முறையை மாற்றுவதில்லை. உண்டியல் கணக்கைக் கேட்பார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்பது கணக்கில் சேர்ந்தது. எந்த முறையில் வாசிக்கச் சொல்லித்தருவது என்பது பூசையில் சேர்ந்தது. கோடு சில இடங்களில் மங்கும். அதற்காகக் கோடே இல்லை என்றாகிவிடாது. தலைமை ஆசிரியரே கூட்டத்தைக் கூட்டி, தீர்மானப் புத்தகத்தையும் எழுதி, கையெழுத்துக்கு வீட்டுக்கு அனுப்பினால், எந்தக் கோடும் தேவைப்படாது.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. தெய்வம் வாய் திறந்து பேசாது. பத்து வயதுப் பிள்ளை பேசும். கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மத்திய அரசு 2010இல் வெளியிட்ட மாதிரி விதிகள், பெற்றோர் அல்லாத கால் பங்கில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளி மாணவருக்கோ தரலாம் என்கின்றன. இருவரில் யார் என்பதைக் குழுவிலுள்ள பெற்றோரே முடிவுசெய்ய வேண்டுமாம்.