யாருடைய மூச்சு?

தீவகத்து மண்ணுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. வேலணையிலும் புங்குடுதீவிலும் கிணற்று நீர் இறைத்துப் புகையிலைக் கன்றுகளைப் பேணிய கைகள் பல தலைமுறைக் கைகள். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்வரை கப்பலேறியது. தென்னிலங்கையில் நம்மவர் நடத்திய சுருட்டுக் கடைகளின் வருவாயில் ஊரிலே வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் புகையின் தீமையைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், புகையிலை நம் பிள்ளைகளைப் படிப்பித்தது என்பதற்காக, அதன் புகையை அவர்கள் சுவாசித்துக் கடன் தீர்க்கவேண்டுமா?

"என் உழைப்பில், என் வீட்டில் புகைக்கிறேன், பிறருக்கென்ன?" என்று கேட்போர் உளர். இக்கேள்வியை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. இரவெல்லாம் கடலோடு போராடித் திரும்பியவன் திண்ணையில் அமர்ந்து பற்றவைக்கும் சுருட்டு, அவனுக்கு வாய்த்த மிகச் சில ஆறுதல்களில் ஒன்று. அவனுடைய நெஞ்சு அவனுடையதே. ஆனால், அவன் மடியில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சு யாருடையது?

தனிமனித சுதந்திரத்துக்காக வாதாடிய ஜோன் ஸ்டூவர்ட் மில் கூட, பிறருக்குத் தீங்கு விளையுமிடத்தில் அதற்கு எல்லை கட்டினார். புகை அந்த எல்லையைத் தாண்டுகிறது என்பதில் இன்று ஐயமில்லை. கணவர் புகைக்கும் வீடுகளில், தாம் புகைக்காத மனைவியரிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா வெளியிட்டார். பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லையென 2006ஆம் ஆண்டின் அமெரிக்க அரசு மருத்துவ அறிக்கை முடிவு கூறியது. குழந்தை பெரியவர்களைவிட விரைவாக மூச்சு விடுகிறது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. எனவே ஆஸ்துமாவும், மார்புச் சளியும், நடுக்காது நோயும், தொட்டிலில் நேரும் திடீர் மரணமுங்கூட அதை எளிதில் நெருங்குகின்றன.

"நாற்புறமும் கடற்காற்று வீசும் தீவில் புகை எங்கே தங்கும்?" எனலாம். காற்று முற்றத்தில் வீசுகிறது. குழந்தையோ அறையில் உறங்குகிறது. சன்னலைத் திறப்பதால் புகையின் தீங்கு முற்றாக நீங்குவதில்லை. வளர்ந்தவன் எழுந்து வெளியே போகலாம்; தவழும் குழந்தை எங்கே போகும்? வலியவனின் சுகத்துக்கு எளியவன் விலை கொடுப்பதைத் தொழிற்சாலையில் சுரண்டல் என்கிறோம். வீட்டுக்குள் அதற்கு வேறு பெயர் உண்டா?

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்தது. அச்சட்டம் வீட்டு வாயிலில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மனச்சாட்சியே சட்டம். ஆயினும், குற்றம் முழுவதையும் ஏழைத் தகப்பன் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. சிகரெட்டில் இலாபம் காணும் கம்பனியும், அதன் வரியை எதிர்பார்த்திருக்கும் அரசும் இதில் பங்காளிகளே. பயிரிடுவோர்க்கு மாற்றுப் பயிரும் அதற்கு நியாயமான விலையும் கேட்பதும் இப்போராட்டத்தின் ஒரு பகுதியே.

அந்த நாள் வரும்வரை குழந்தை காத்திருக்க இயலாது. அது இந்தக் கணமே மூச்சு விடுகிறது. ஆசிரியர்களே, மாணவர்களே! மாற்றார் சுதந்திரத்தை மதிக்கும் சமுதாயத்தைப் பற்றிப் பேசும் நாம், முதலில் நம் வீட்டுத் தொட்டிலருகே புகையை அணைப்போம்.