ஆக்கியோன் பெயர்: மின்னணு இசையில் பெண் ஆக்குநரும் பெயர் கூறும் கடமையும்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றைக் கூற வேண்டும் என வரையறுக்கும் நன்னூல் எட்டுச் செய்திகளை எண்ணுகிறது. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். நூற்பெயரும் நுதலிய பொருளும் பயனும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசை தமிழாய்வாளர் யாவரும் அறிந்ததே. ஆயின் இதனோடு இணைந்த மற்றொரு விதி அத்துணைக் கவனம் பெறவில்லை. எத்துறையில் வல்லவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்றும், பாயிரத்தை அவருடைய ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணாக்கரோ தக்க உரைகாரரோ செய்தல் வேண்டும் என்றும் பவணந்தியார் வகுத்துள்ளார். இதன்படி அடக்கம் ஆக்குநர்க்குரிய பண்பாகிறது. பெயர் கூறுதல் பிறர்க்குரிய கடமையாகிறது. ஆக்குநரின் பண்பைக் காரணம் காட்டிப் பிறர் தம் கடமையினின்று நீங்குதல் முறையாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினா கூர்மையாக எழுந்த களங்களுள் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் மின்னணு இசை. நூலுக்குரிய விதியைப் பிற நாட்டு இசைக்குப் பொருத்துதல் பொருந்துமோ எனின், பொருந்தும் எனலாம். மேலை இசைமரபில் சுரக்குறிப்பு எழுதுபவர் ஆக்குநர், இசைப்பவர் வேறொருவர். ஒலிநாடாவும் மின் அலையாக்கியும் வந்தபின் இப்பிரிவினை குலைந்தது. ஓர் ஒலியின் நிறம், நீளம், தேய்வு ஆகிய அனைத்தையும் கையால் உருவாக்குபவர் வெறும் கருவியாளரா, ஆக்குநரா? சட்டமும் நிறுவனங்களும் பழைய பிரிவினையையே பற்றி நின்றன. அதன் விளைவை மிகுதியும் தாங்கியவர்களுள் பெண்கள் பலர்.

ஒலிநாடாவை வெட்டியவர்

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் தொடர் தொடங்கியது. அதன் முகப்பிசையின் மெட்டை ரான் கிரெய்னர் எழுதினார். அதனை ஒலியாக்கும் பணி லண்டன் மைடா வேலில் இருந்த ரேடியோஃபோனிக் ஒலிப்பட்டறையின் டெலியா டெர்பிஷயரிடம் (1937-2001) வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர் அவர். கல்வி முடித்த பின் ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை அமர்த்துவதில்லை என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது.

அவ்விசை உருவான முறை விரிவாகக் கூறத்தக்கது. அன்று அப்பட்டறையில் சிந்தசைசர் இல்லை. பல தடங்களைத் தனித்தனியே பதியும் கருவியும் இல்லை. இழுத்துக் கட்டிய ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலி, சோதனைக்குரிய அலையாக்கிகளின் ஒலி, இரைச்சல் ஆகியவற்றை நாடாவில் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரமும் பெறப்பட்டது. காலஅளவு நாடாத் துண்டின் நீளமாயிற்று. துண்டுகள் வெட்டி ஒட்டப்பட்டு, பல நாடாக்கள் ஒரே கணத்தில் ஓடவிடப்பட்டன. ஏதோ ஓரிடத்தில் இசை பிழைத்தபோது, டெர்பிஷயரும் உடன் பணியாற்றிய டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைவழியில் அருகருகே விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுப் பிழைபட்ட துண்டைக் கண்டறிந்தனர். சுவடிகளை அருகருகே வைத்துப் பாடம் ஒப்பிட்டவர்களுக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

முடிவில் அதனைக் கேட்ட கிரெய்னர், இது தாம் எழுதியதுதானா என வியந்தார். பெரும்பகுதி அவருடையதே என டெர்பிஷயர் விடையிறுத்தார். ஆக்குரிமையில் அவருக்குப் பங்களிக்க வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார் என்பது கருதத்தக்கது. பட்டறையினர் பெயர் குறிப்பிடப்படாமலே இருத்தல் வேண்டும் என்னும் நிறுவன வழக்கம் அதற்கு இடந்தரவில்லை.

இவ்வழக்கம் பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டதன்று என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். டிக் மில்ஸின் பெயரும் திரையில் வரவில்லை. விதி அனைவர்க்கும் ஒன்றாயினும் விதிக்கு வெளியே இருந்த வாயில்கள் அனைவர்க்கும் ஒன்றாக இல்லை. கிரெய்னர் போல வெளியிலிருந்து அழைக்கப்படும் இசையாக்குநராக அன்று ஒரு பெண் வருதல் அரிது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைதலே அரிதாயிருந்தது. பட்டறையின் பெயரின்மை ஆண் ஒருவருக்குப் பல நிலைகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம்; டெர்பிஷயருக்கு அதுவே கிடைத்த ஒரே நிலை. அவர் 1973இல் பிபிசியை விட்டு நீங்கினார்.

கூட்டு முயற்சியில் தனிப்பெயருக்கு இடமில்லை என்பார் உளர். கோயில் எடுத்த சிற்பியரையும் நாட்டுப்புறப் பாடல்களையும் அவர்கள் சான்று காட்டுவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதற்கு விடை தருகிறது. மாதவி அரங்கேறுமுன், ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்னும் அறுவரின் தகுதியும் தனித்தனியே விரிக்கப்படுகிறது. அவர்கள் பெயர் கூறப்படவில்லையாயினும், யார் எதைச் செய்தார் என்பதில் மயக்கம் இல்லை. குறுந்தொகையைத் தொகுத்தோர் நிலை இன்னும் நுட்பமானது. புலவர் பெயர் கிடைக்காதபோது பாட்டின் தொடரிலிருந்தே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் பெயர் அமைத்தனர். பெயர் அறியாத நிலையிலும் பெயரிட்டவர்கள் அவர்கள். மைடா வேலிலோ அறிந்த பெயர் மறைக்கப்பட்டது.

தனித்து நிற்றலின் விலை

நிறுவனம் பெயர் தரவில்லையெனின் வெளியேறித் தனித்து நிற்கலாமே என்பது அடுத்து எழும் வினா. அதே பட்டறையை 1958இல் தொடங்கியோருள் ஒருவரான டாஃப்னி ஓராம் (1925-2003) அடுத்த ஆண்டே அவ்வாறு வெளியேறினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபிசியில் ஒலிப்பதிவுப் பணியில் சேர்ந்த அவர், 1949இல் இரட்டை இசைக்குழுவுக்கும் முன்பதிவு செய்த ஒலித்தட்டுகளுக்குமாக 'ஸ்டில் பாயிண்ட்' என்னும் ஆக்கத்தை எழுதினார். அது ஏற்கப்படவில்லை, மேடையேறியது 2016இல், அவர் மறைந்த பின்னர். பிபிசியிலிருந்து வெளியேறிய ஓராம் கெண்ட் பகுதியில் தம் இல்லத்தையே ஒலிக்கூடமாக்கி, 'ஓராமிக்ஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். 35 மில்லிமீட்டர் படச்சுருள்களின்மேல் வரையப்படும் கோடுகளை ஒளியுணரிகள் படித்து ஒலியாக மாற்றும் அமைப்பு அது. இசையை எழுதுதலும் இசைத்தலும் அங்கு ஒரே கைச்செயலாயின.

ஓராமின் விடுதலையை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுதல் எளிது. குல்பென்கியன் அறக்கட்டளையின் நல்கையும் வணிக விளம்பரங்களுக்கு ஒலியமைத்துப் பெற்ற ஊதியமுமே அக்கூடத்தை நடத்தின. அன்றியும், கருவியின் மின்பொறிப் பகுதியை வடிவமைத்து உருவாக்கியவர் கிரஹாம் ரென்ச் என்னும் பொறியாளர். கருவியோ ஓராமின் பெயரையே தாங்கி நிற்கிறது. எண்ணம் ஓராமுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் தனித்து நின்ற கலைஞர் எனப் பாராட்டும்போது அருகில் நின்ற மற்றொருவர் மறைகிறார் என்பதையும் காண வேண்டும். பெயர் கூறும் கடமைக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

பாரிஸில் எலியான் ரதீக் வேறொரு வழியில் சென்றார். 1932இல் பிறந்த அவர் பியேர் ஷெஃபர், பியேர் ஆன்ரி ஆகியோரிடம் நாடா இசையைப் பயின்றவர். ஆன்ரிக்கு உதவியாளராகவும் இருந்தவர். பின்னர் ஏஆர்பி 2500 என்னும் சிந்தசைசரை நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்தபோது அதன் விசைப்பலகையை வேண்டுமென்றே அங்கு விட்டுவந்தார். சுரங்களை அடுக்குவது அவர் நோக்கமன்று. நீண்ட ஒலியொன்று கேட்போர் அறியாவண்ணம் மெல்ல மாறுவதே நோக்கம். திபெத்தியப் பௌத்தத்தில் ஈடுபட்ட அவரது 'மரண முப்பகுதி' ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீள்வது. அதன் நடுப்பகுதி கயிலை மலையின் பெயர் கொண்டது. தன்முனைப்பு கரைதலை இவ்வளவு பொறுமையோடு ஒலியாக்கியவர் அரியர். ஆயினும் அவ்வாக்கம் ரதீக் என்னும் பெயரிலேயே வெளிவந்தது. ஆக்கத்துள் தன்னைக் கரைத்தலும் ஆக்கத்தின் முகப்பில் பெயர் நிற்றலும் முரணாக அமையவில்லை.

அகமதாபாத்தில் ஒரு குரல்

இம்முரணின்மை இந்தியச் சூழலில் ஏன் எளிதில் மறக்கப்பட்டது என்பதற்குக் கீதா சாராபாயின் (1922-2011) வரலாறு சான்றாகும். பக்கவாஜ் இசைத்த முதற்பெண்களுள் ஒருவரான அவர், 1946இல் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜைச் சந்தித்தார். கேஜ் அவருக்கு மேலை இசையைக் கற்பித்தார். கைம்மாறாக அவர் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் பயன் யாது எனக் கேஜ் வினவ, மனத்தை அடங்கச் செய்து தெய்வ அருளுக்கு ஏற்றதாக்குதல் என்று தம் ஆசிரியர் கூறியதை அவர் விடையாகத் தந்தார். கேஜின் பிற்கால இசைச் சிந்தனையில் இவ்விடை பெற்ற இடம் பெரிது.

கேஜ் இக்கடனை மறைக்கவில்லை. கீதாவின் பெயரைப் பலமுறை நன்றியோடு கூறினார். ஆனால் வரலாறு அவரை ஒரு விடை சொன்னவராகவே நிறுத்திவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் வந்து மோக் சிந்தசைசரும் நாடாக்கருவிகளும் கொண்ட ஒலிக்கூடத்தை அமைத்தபோது, அதில் ஆக்கங்கள் செய்தோருள் கீதாவும் ஒருவர். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் ஏனையோர். கூடம் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன.

மனம் அடங்குதலே இசையின் பயன் எனக் கொண்ட ஒருவர் பெயரை விழைந்திரார், ஆகலின் மறதியால் அவர்க்கு இழப்பில்லை என்று வாதிடலாம். இவ்வாதம் கேட்பதற்கு இனியது, ஆயின் ஏற்கத்தக்கதன்று. துறத்தல் உடையவர்க்கே இயலும். கீதாவின் ஆசிரியர் கூறிய பயன் இசைப்பவர் மனத்தைப் பற்றியது. கேட்டவர், காத்தவர், வரலாறு எழுதியவர் ஆகியோர் செய்ய வேண்டுவது பற்றி அது ஒன்றும் கூறவில்லை. அமெரிக்க இசையாக்குநர் பாலின் ஒலிவெரோஸ் (1932-2016) இவ்விரு தளங்களையும் தெளிவாகப் பிரித்தறிந்தவர். ஆழ்ந்து கேட்டலை ஒரு தவம் போலப் பயிற்றுவித்த அவரே, பெண் இசையாக்குநர்க்குத் தனி அடைமொழி இட்டு ஒதுக்கும் வழக்கைக் கண்டித்து 1970இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

இன்று மடிக்கணினி ஒன்றைக் கொண்டே ஒரு பெண் ஒலியை ஆக்கவும் பதியவும் வெளியிடவும் இயலும். அதனால் இச்சிக்கல் தீர்ந்ததாகக் கொள்வதற்கில்லை. ஐஸ்லாந்துக் கலைஞர் பியோர்க், தம் இசைத்தட்டுகளில் தாமே செய்த ஒலியாக்கம் உடன் பணியாற்றிய ஆண்களுடையதாக எழுதப்படுவதை 2015இல் வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. பிறர் கூற வேண்டியதை ஆக்குநரே கூறும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். கூறிய பின் தற்புகழ்ச்சி என்னும் பழியும் அவரையே சார்கிறது.

டெலியா டெர்பிஷயரின் பெயர் 'டாக்டர் ஹூ' திரையில் முதன்முதலாக இடம்பெற்றது 2013இல், தொடரின் பொன்விழாப் படத்தில். அகமதாபாத் நாடாக்களைக் கலைஞர் பால் பர்காஸ் காப்பகத்தில் கண்டெடுத்தார். அவற்றின் தொகுப்பு 2023இல் வெளிவந்தபோது கீதா சாராபாயின் பெயர் ஆக்குநர் வரிசையில் அச்சாயிற்று. இருவர்க்கும் அப்பெயர்க்குறிப்பு வந்து சேர்ந்தது அவர்கள் மறைந்து 12 ஆண்டுகள் கழிந்த பின்னரே.