கருவும் கருவைச் சுமப்பவளும்: ஒரு கிறித்தவ அறநோக்கு

முன்னுரை

கருவுற்ற கணம் முதலே சிசு மதிக்கப்பட வேண்டிய மனித உயிர். அதனை அழித்தல் அறமன்று என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட சுற்றுமடல் இதனை வலியுறுத்துகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளுள் சில விதிவிலக்குகளை ஏற்பதும் உண்டு. கருவை இங்ஙனம் உயர்த்துவது, பெண்ணை வெறும் கருக்கலமாகத் தாழ்த்துவதாகாதா என்னும் வினா பெண்ணிய நோக்கில் எழுப்பப்படுகிறது. இதற்கு விவிலியம் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இசைவும் தாய்மையும்

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வானதூதர் கூறிய செய்தியை மரியா உடனே ஏற்கவில்லை, வினவுகிறார், விளக்கம் பெற்ற பின்னரே இசைகிறார். அடுத்து, மரியாவின் வாழ்த்தொலி கேட்டு எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளுகிறது. கருவின் மேன்மைக்குச் சான்றாகக் கிறித்தவர் பெரிதும் எடுத்தாளும் பகுதி இது. ஆயின் அக்குழந்தையின் மகிழ்ச்சி தாயின் சொல்லாலேயே உலகிற்குப் புலனாகிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அதே நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில், தம்மைச் சுமந்த வயிற்றைப் புகழ்ந்த பெண்ணிடம் இயேசு இறைமொழி கேட்டு ஒழுகுதலையே உயர்த்திப் பேசுகிறார். எனவே பெண்மையின் பெருமை வயிற்றளவில் அடங்குவதன்று என்பது பெறப்படும்.

ஆணின் பொறுப்பு

மரியாவின் சூல் கண்டு யோசேப்பு கலங்கியதை மத்தேயு கூறுகிறார். வீரமாமுனிவரின் தேம்பாவணி, யோசேப்பை வளன் என்னும் பெயரால் காப்பியத் தலைவனாக்கி, ‘ஐயம் தோற்று படலம்’, ‘ஐயம் நீங்கு படலம்’ என இதனை விரிக்கிறது. யோசேப்பு மரியாவைப் பழிக்கு ஆளாக்காது ஏற்றுக்கொண்டமையால் தாயும் சேயும் காக்கப்பட்டனர். கருவைக் காத்தல் தாயொருத்தியின் கடமை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் ஆறு வயதிற்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் அவ்வெண் 927 ஆகக் குறைந்தது. கருவின் பாலினம் அறிதலை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் இச்சரிவு நிகழ்ந்தது. பெண்கரு அழிக்கப்படும்போது, பெரும்பாலும் தாயின் விருப்பமும் உடன் அழிக்கப்படுகிறது. மேற்குறித்த சுற்றுமடல் தந்தையின் பொறுப்பையும் குடும்பத்தாரின் நெருக்குதலையும் சுட்டிக் காட்டுவது இங்குப் பொருந்தும்.

முடிவுரை

எனினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வன்கொடுமையால் கருவுற்றவளிடம் எவரும் இசைவு கேட்டிலர். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் அவளுக்கு வழிவிடுகிறது. கத்தோலிக்கப் போதனை அங்கும் கருவின் உயிரையே முன்னிறுத்துகிறது. மரியாவின் இசைவைப் போற்றும் மரபு, இசைவு மறுக்கப்பட்டவளின் துயரை எளிதில் கடந்துவிட இயலாது. சுமக்குமாறு அவளைக் கேட்பவர், எலிசபெத்தைப் போல் வரவேற்கவும் யோசேப்பைப் போல் பழியினின்று காக்கவும் கடமைப்பட்டவராவர். அக்கடமையை ஏலாது கருவிற்காக மட்டும் பேசும் குரல், நற்செய்தியின் பாதியையே பேசுகிறது எனலாம்.